பொத்தான் இல்லாத சட்டை

அத்தியாயம் பதினான்கு

பெட்டி கட்டில்மேல் வாயைப் பிளந்து கிடந்தது. காலை ஒன்பது மணிக்குள் சாய்ஃபென் அதை இரண்டு தரம் அடுக்கி, இரண்டு தரம் கலைத்துவிட்டாள். மூன்றாவது தரத்துக்கு மகளைக் கூப்பிட்டாள்.

கதையை நடுவில் பிடித்தவர்களுக்காக நாலு வார்த்தை. சாய்ஃபென்னுக்கு ஐம்பத்திரண்டு வயது. வென்சோ பக்கத்தில், பொத்தானுக்கென்றே பேர் போன ஊரில், முப்பது வருஷமாகப் பொத்தான் கடை நடத்துகிறவள். நாளைக் காலை ரயிலில் கணவர் குவோசிங்கோடும் மகள் ஜியாநியோடும் பீஜிங் கிளம்புகிறாள். பழைய அரண்மனையைப் பனி மூடியிருக்கும்போது ஒரு தரம் பார்க்க வேண்டும் என்பது கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு இருக்கும் ஆசை. புதன்கிழமை அங்கே பனி விழும் என்று வானிலைச் செய்தியிலும் சொல்லிவிட்டார்கள். போன கையோடு வியாழக்கிழமை ஒரு பெரிய டாக்டரிடம் வயிற்றுப் புண்ணையும் காட்டிவிட்டு வந்துவிடலாம். சாய்ஃபென்னுக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்.

வயிற்றில் இருப்பது புண் இல்லை. கணையத்தில் கட்டி. மாகாண ஆஸ்பத்திரியில் டாக்டர் வழக்கம்போல நோயாளியை உள்ளே உட்கார வைத்துவிட்டு, கணவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். குவோசிங் அதைத் தன் அக்கா யுவேஷியானிடம் சொன்னார். பிறகு மகளிடம் சொன்னார். இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்கு ஆள் மூன்றாகிவிட்டது.

இதில் ஜியாநிக்குத்தான் கொஞ்சம் தொழில் பழக்கம் உண்டு. அவள் ஹாங்சோவில் துணி விற்கிறாள். கேமரா முன்னால் நின்று ஒரு கோட்டைப் போட்டுக் கழற்றி, இன்னொன்றைப் போட்டுக் கழற்றி, முகம் தெரியாத பத்தாயிரம் பெண்களிடம் "அக்கா, இது உங்களுக்குன்னே தைச்சது" என்று சொல்லி விற்கிற வேலை. அதில் அவள் வாய் கூசியதே இல்லை. நேற்று வீட்டுக்கு வந்து அம்மாவின் கழுத்தெலும்பைப் பார்த்ததிலிருந்துதான் கூச ஆரம்பித்திருந்தது.

"உள்ளுக்கு மெல்லிசா ஒண்ணு. அதுக்கு மேல கம்பளி ஸ்வெட்டர். அதுக்கு மேல கோட்டு," என்று ஜியாநி துணிகளைக் கட்டிலில் வரிசையாகப் பரப்பினாள். "பீஜிங்ல வெளியிலதாம்மா குளிர். உள்ள போனா அனலா அடிக்கும். கழட்டி மாட்டறதுக்குத் தோதா இருக்கணும். மொத்தமா ஒண்ணை மாட்டிக்கிட்டுப் போனா வேர்த்துக் கொட்டும்."

"நம்ம வீட்டுல உள்ளயும் குளிர், வெளியிலயும் குளிர். ஒரு வம்பும் இல்ல. கழட்டவே வேண்டாம்," என்றாள் அம்மா.

ஒட்டக நிறத்தில் நீளக் கம்பளிக் கோட்டு ஒன்றை ஜியாநி வாங்கி வந்திருந்தாள். ஐப்பசி வாக்கில், அம்மாவின் பழைய அளவை மனதில் வைத்து எடுத்தது. அம்மா அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் போய் நின்றாள். கோட்டின் தோள் இரண்டும் கையில் வந்து இறங்கியிருந்தன.

"தொளதொளன்னு இருக்கேடி."

"இப்ப இப்படித்தாம்மா போடறாங்க. இதான் ஃபேஷன்."

"உடம்பைப் பிடிச்ச மாதிரி இருந்திருந்தா?"

"அதுவும் ஃபேஷன்தான்."

"நல்ல பிழைப்புடி உன்னுது." அம்மா குனிந்து கோட்டின் பொத்தானை நகத்தால் தட்டிப் பார்த்தாள். "கொம்புன்னு சொல்லித்தானே வித்தான்? பிளாஸ்டிக். நூலும் ரெண்டு சுத்துதான் சுத்தியிருக்கான். பீஜிங் போறதுக்குள்ள உதிர்ந்துடும்."

ஆனாலும் கழற்றவில்லை. சிவப்புக் கழுத்துத் துணியைச் சுற்றிப் பார்த்தாள். அவிழ்த்துவிட்டுச் சாம்பல் நிறத்தைச் சுற்றினாள். திரும்பவும் சிவப்புக்கே வந்தாள். முப்பது வருஷமாக ஊரார் கோட்டுக்கெல்லாம் பொத்தான் எடுத்துக் கொடுத்துவிட்டு, தான் மட்டும் கடையில் மாட்டியிருக்கும் நீல மேலங்கியோடு காலத்தை ஓட்டியவள். இன்றைக்குக் கண்ணாடி முன் நின்று பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். ஜியாநிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உள்ளாடையில் ஒட்டிக்கொள்கிற சூட்டுப் பட்டைகளை எண்ணுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பூட்ஸ் அரை அளவு பெரிசா எடுத்திருக்கேம்மா. ரெண்டு காலுறை போட்டாத்தான் நடக்க முடியும்."

"எவ்வளவு தூரம் நடக்கணும்?"

"தெக்கு வாசல்ல நுழைஞ்சு வடக்கு வாசல்ல வெளிய வரணும். மூணு மணி நேரமாவது ஆகும்."

"நடப்பேன்," என்றாள் அம்மா. மகள் கேட்காத கேள்விக்குப் பதில்போல இருந்தது அது.

பத்து மணிக்கு அப்பா ஒரு சதுரமான துணிப்பையோடு உள்ளே வந்தார். ஈரக் குடையை வாசலில் சாய்த்துவிட்டு, பையைக் கட்டில் ஓரத்தில் வைத்தார். வைத்தபிறகும் அதன் பிடியை விடவில்லை.

"அக்கா குடுத்துவிட்டா. பஞ்சு வச்ச துணி. குளிருக்கு ஆகும்னு. பெட்டிக்குள்ள அடியில வச்சிடுங்க. இப்பப் பிரிக்க வேண்டாம், திரும்ப மடிக்கறது கஷ்டம்."

"உங்கக்காவா? எனக்கா?" அம்மா கண்ணாடியிலிருந்து திரும்பினாள். "இருபத்தெட்டு வருஷத்துல ஒரு கைக்குட்டை குடுத்ததில்லையே அந்த மகராசி."

"குடுக்கறப்ப வாங்கிக்கணும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு ஒன்றை உரித்தார். நாரைக்கூட விடாமல் எடுத்து, சுளை சுளையாகத் தட்டில் வைத்து, மனைவி கைக்கு எட்டும் இடத்துக்கு நகர்த்தினார். அப்புறம் கடைச் சாவியை அடுத்த கடைக்காரரிடம் கொடுக்க வேண்டும், ரயிலில் கொறிக்க வாத்து நாக்கு வாங்க வேண்டும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். போகும்போது மகளைப் பார்க்கவில்லை.

பெட்டி மூடவில்லை. அத்தையின் பையே பாதிப் பெட்டியை அடைத்துக்கொண்டது. பூட்ஸை வைத்தால் ஸ்வெட்டருக்கு இடமில்லை, ஸ்வெட்டரை வைத்தால் கோட்டு வெளியே நின்றது. ஜியாநி மூடிமேல் ஏறி உட்கார்ந்துகூடப் பார்த்தாள்.

"எறங்கு. அந்தப் பையை வெளிய எடு. அப்படி என்னதான் அடைச்சு அனுப்பியிருக்கா, பாப்போம்."

"அப்பா பிரிக்க வேண்டாம்னாரே."

"அவர் சொல்லிட்டுப் போயிட்டார். பெட்டியை மூடறது யாரு?"

ஜியாநி பையைப் பிரித்தாள். மேலாக இருந்ததை உதறி விரித்ததும், அவளை அறியாமலே அவளுக்குள் இருந்த துணிக்காரி விழித்துக்கொண்டாள். கருநீலத்தில் பஞ்சு வைத்துத் தைத்த மேல்சட்டை. நிமிர்ந்த கழுத்து. ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தின்மேல் போர்த்தி, அதே துணியில் தைத்த நாடாவால் கட்டிக்கொள்கிற பழைய மோஸ்தர். தையல் ஒவ்வொன்றும் கையால் போட்டது.

"அம்மா, இங்க பாருங்க. அத்தைக்கு இவ்வளவு ரசனையா? இந்த வருஷம் ஹாங்சோ பூரா இதாம்மா ஓடுது. பழங்காலத்து வெட்டு, நாடா கட்டு. என் கையில இது கிடைச்சிருந்தா ஒரு மணி நேரத்துல தீர்ந்திருக்கும்."

அம்மா அலமாரிப் பக்கமே நின்றாள். கிட்டே வரவில்லை.

"நீங்க பீஜிங்ல இதைத்தான் போடறீங்க. கோட்டை விடுங்க. சிவப்புச் சுவரு, வெள்ளைப் பனி, நடுவுல இந்தக் கருநீலம். போட்டோ எப்படி வரும் தெரியுமா? வாங்க, போட்டுப் பாப்போம்."

அம்மா மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். விளையாடுகிறாளா, தெரியாமல்தான் பேசுகிறாளா என்று எடை போடுகிற பார்வை அது. இது ஜியாநிக்குப் பிறகுதான் புரிந்தது. அப்புறம் அம்மா ஒட்டகக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் நீட்டினாள்.

ஜியாநி சட்டையை மாட்டிவிட்டாள். முன்பக்கத்தை இழுத்துப் போர்த்தினாள். விலாப்பக்கத்து நாடாவை அழகாக முடிச்சுப் போட்டு, காலரை நிமிர்த்திவிட்டாள். "இதுவும் கொஞ்சம் பெரிசுதான்."

"போன வருஷத்து உடம்புக்கு எடுத்திருக்கா," என்றாள் அம்மா.

"சிரிங்கம்மா."

அம்மா சிரித்தாள். ஜியாநி போனில் படம் எடுத்தாள். கையோடு அப்பாவுக்கும் அனுப்பிவைத்தாள்: அத்தையின் தேர்வு பிரமாதம், அம்மா அரண்மனைக்கு இதைத்தான் போடப்போகிறாள். எப்போதும் உடனே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறவர் அப்பா. இப்போது பதிலே இல்லை.

"மிச்சத்தையும் எடு," என்றாள் அம்மா. "எண்ணு."

"எதுக்கு எண்ணணும்?"

"எண்ணுடி. கடைக்காரி வயித்துல பொறந்தவளுக்கு எண்ணத் தெரியாதா?"

அம்மா போட்டிருந்ததோடு சேர்த்து மேலுக்கு ஐந்து. கீழுக்கு மூன்று. மெல்லிசிலிருந்து தடிமன்வரை ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற மாதிரி அளவாகத் தைத்திருந்தது. ஜியாநி அப்போதும் "பாருங்க, நான் சொன்ன மாதிரியே அடுக்கடுக்கா குடுத்திருக்காங்க" என்றுதான் சொன்னாள்.

"பொத்தான் ஒண்ணு காட்டு."

ஜியாநி தேடினாள். எட்டு உருப்படியிலும் ஒரு பொத்தான் இல்லை, ஒரு கொக்கி இல்லை.

"பை எங்க? ஒரு சட்டைக்காவது பை இருக்கா? கம்பளி ஒரு இழை, தோல் ஒரு துண்டு, ரோமம் ஒரு பிடி, ஏதாவது? பீஜிங் குளிருக்குக் குடுத்துவிட்ட துணிதானே."

எல்லாமே பருத்தி. ஜியாநியின் கை மெதுவாக நின்றது.

"முப்பது வருஷத்துல இந்த ஊர்த் தையல்காரன் அத்தனை பேரும் என் கடைப்படி ஏறியிருக்கான். ஒருத்தன் மட்டும் வந்ததே இல்ல. பாலத்துக்குப் பின்னால கடை வச்சிருக்கானே, அவன். அவனுக்குப் பொத்தானே வேண்டாம்." அம்மாவின் குரல் கடையில் கணக்குச் சொல்லும் குரலாக இருந்தது. "அடியில செருப்பு இருக்கும். எடுத்துத் திருப்பு."

இருந்தது. கருந்துணியில் மெத்தென்று ஒரு ஜோடி. ஜியாநி திருப்பினாள். இரண்டு செருப்புக்கும் அடியில், தரையில் படுகிற இடத்தில், இளஞ்சிவப்பு நூலால் ஒரு தாமரை தைத்திருந்தது.

"நடக்கறவ செருப்புக்கு அடியில எதுக்குடி பூ? யாரு பாக்கப்போறா?"

படுத்திருப்பவளின் பாதத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். கால்மாட்டில் நின்று கும்பிடுகிற ஒவ்வொருவரும் பார்ப்பார்கள். சாகிறவருக்கு உடுத்துகிற துணியில் பொத்தான் ஆகாது, பை ஆகாது. ரோமம் உடுத்திப் போனால் அடுத்த பிறவி மிருகப் பிறவி. மேலுக்கானாலும் கீழுக்கானாலும் இரட்டைப்படை ஆகாது; ஐந்தும் மூன்றும்தான். போன இடத்தில் ஏதாவது ஆகிவிட்டால் உடம்பு விறைப்பதற்குள் உடுத்திவிட வேண்டும் என்று, குறை வைக்காமல் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள் அத்தை. சாஸ்திரத்தில் ஒன்று தப்பியிருந்தால்கூட அது வெறும் குளிர்சட்டை என்று அம்மா நம்பியிருப்பாள்.

ஜியாநி பாய்ந்து போய் நாடாவைப் பிடித்து இழுத்தாள். தானே போட்ட முடிச்சு, அவிழ மறுத்தது.

"மெதுவா. கிழிச்சுடாதே. உங்கத்தை காசு போட்டுத் தைக்கக் குடுத்திருக்கா."

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. நான் ஃபேஷன்னு…"

"தெரியும். தெரிஞ்சிருந்தா போடச் சொல்லியிருப்பியா?"

அம்மாவே முடிச்சை அவிழ்த்தாள். சட்டையைக் கழற்றி, கையை உள்ளே மடித்து, மார்பை நீவிவிட்டு, கடைக்கு வருகிற துணியை மடிப்பதுபோல மடித்தாள். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டாள்.

"எத்தனை மாசம்னு சொன்னாங்க?"

"அம்மா, புண்ணுதாம்மா. அத்தைக்குத்தான் வயசாகி மூளை…"

"கேமரா முன்னால பேசற மாதிரி என்கிட்ட பேசாதே."

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. ஜியாநி தரையில் உட்கார்ந்தாள். சொல்லிவிட்டாள். கட்டி எங்கே, எவ்வளவு பெரிது, மூன்று மாசமோ நாலு மாசமோ, பீஜிங்கில் வெட்டி எடுக்க முடிந்தால் ஒருவேளை கூடலாம். அப்பாவுக்குச் செய்த சத்தியம் ஒரு நிமிஷத்தில் காற்றில் போயிற்று. சொன்ன பிறகு பாரம் குறையும் என்பார்களே, அவளுக்கு அப்படி ஒன்றும் குறையவில்லை.

அம்மா அழவில்லை. கோபப்பட்டாள். முகம் சிவக்கிற அளவுக்கு அவளிடம் ரத்தம் இல்லை.

"அவருக்குத் தெரியும். உனக்குத் தெரியும். உங்கத்தைக்குத் தெரியும். பாலத்துக்குப் பின்னால இருக்கற அந்தத் தையல்காரனுக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் தெரியக் கூடாது. என் இடுப்பு எத்தனை அங்குலம்னு நீங்கள்லாம் உக்காந்து பேசியிருக்கீங்க."

"அத்தை தைக்கக் குடுத்தது எனக்குத் தெரியாதும்மா."

"மத்ததெல்லாம் தெரியுமில்ல?"

அம்மா தட்டிலிருந்த ஆரஞ்சுச் சுளையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

"சந்தேகம் இருந்துச்சு. இருபத்தெட்டு வருஷத்துல அந்த மனுஷன் எனக்கு ஒரு ஆரஞ்சு உரிச்சதில்ல. இப்ப நாரெடுத்து வைக்கறார். ராத்திரியில குறட்டை விடற மாதிரி நடிக்கறார். அசல் குறட்டைக்கும் போலிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? ஆனா இவ்வளவு கிட்டத்துல இருக்கும்னு நினைக்கல."

வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோலத் தொடர்ந்தாள்:

"எங்கம்மாவுக்கும் இதேதான். நாங்க யாரும் அவளைக் கேக்கல. நாங்களே முடிவு பண்ணோம், வெட்டினாங்க. நாப்பது நாள் குழாயோட கிடந்தா. ஒவ்வொரு நாளும் என்னைத்தான் கேட்டா, 'எனக்கு என்னடி?'ன்னு. புண்ணுன்னேன். நாப்பது நாளும் புண்ணுன்னேன்."

ஜியாநி அம்மாவின் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மாவின் கை உடனே தலைக்கு வரவில்லை. அப்புறம் வந்தது.

"இப்பவே அப்பாகிட்ட சொல்லிடலாம்மா. மூணு பேரும் உக்காந்து பேசலாம்."

"வேண்டாம். அவர் அந்தப் பொய்யைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடமாடறார். பிடுங்கினா விழுந்துடுவார். தூக்கிவிட எனக்கு இப்பத் தெம்பு இல்ல." அம்மா மகளின் முகத்தை நிமிர்த்தினாள். "நான் மாட்டேன்னு சொல்லல. வெட்டினா பிழைப்பேன்னா வெட்டிக்கறேன். ஆனா என்னைக் கேக்கணும். என் வயிறுடி இது. புதன்கிழமை எனக்கு வேணும். ஒரே ஒரு நாள். அந்த அரண்மனையில நடந்துட்டு, அன்னிக்கு சாயங்காலம் நானே அவர்கிட்ட எனக்குத் தெரியும்னு சொல்றேன். வியாழக்கிழமை டாக்டர் முன்னால நான் பேசறேன். அதுக்கு முன்னால எந்தக் காகிதத்துலயும் அவர் கையெழுத்துப் போடாம நீ பாத்துக்கணும். செய்வியா?"

"செய்யறேம்மா."

"அவருக்குப் பண்ணிக் குடுத்த சத்தியம் மாதிரியா?"

"இல்ல. செய்யறேன்."

எழுந்து மறுபடி அடுக்க ஆரம்பித்தார்கள். அம்மா எட்டு உருப்படியையும் செருப்பையும் வந்த மாதிரியே பைக்குள் வைத்து மூடி, பெட்டிக்குள் அடியில் தள்ளினாள். பூட்ஸுக்குள் காலுறைகளைச் சுருட்டித் திணித்தாள். ஸ்வெட்டர் மூன்று என்று இருந்ததை இரண்டாக்கினாள். அப்போதுதான் ஜியாநிக்குச் சுருக்கென்றது.

"அம்மா. போட்டோ."

"என்ன போட்டோ?"

"நீங்க அதைப் போட்டுக்கிட்டு எடுத்தது. அப்பாவுக்கு அனுப்பிட்டேன்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அன்று காலையில் முதல்தடவையாக அவள் முகம் உடைகிற மாதிரி ஆனது. தனக்காக இல்லை, சந்தையில் எங்கோ நின்று அந்தப் படத்தைப் பார்க்கிற மனுஷனுக்காக.

"சரி," என்றாள் கடைசியில். "நமக்கு ஒண்ணும் தெரியாது. பாக்க அழகா இருந்துச்சு, போட்டுப் பாத்தோம். உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீதான் நல்லாப் பேசறவளாச்சே. பேசு."

அப்பா வரும்போது மணி ஒன்றரை. கையில் வாத்து நாக்குப் பொட்டலம் இருந்தது. குடையைக் காணோம். நேராகச் சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு நின்றார். தண்ணீர் சத்தத்துக்கு நடுவே மகளைக் கையசைத்துக் கூப்பிட்டார். கால்சட்டையின் பின்பக்கம் ஈரமாக இருந்தது. மழை தெறிக்கிற வாசற்படியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

"அதை யாரு போடச் சொன்னா?"

"நான்தாம்ப்பா. அழகா இருந்துச்சு. இப்ப இதானே ஃபேஷன்." ஜியாநி கேமரா முன்னால் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தாள். "ஏன், அத்தை கோச்சுப்பாங்களா?"

அப்பா அவள் முகத்தையே பார்த்தார். பிறகு மூச்சு விட்டார்.

"இல்ல. அது… சும்மா. இனிமே போட வேண்டாம்னு சொல்லு. அவ என்ன சொன்னா?"

"கொஞ்சம் பெரிசா இருக்குன்னாங்க."

அவர் குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் இரண்டு தரம் குலுங்கி நின்றது. திரும்பியபோது முகத்தைக் கழுவியிருந்தார்.

"பீஜிங்ல இருந்து போன் வந்துச்சு. கட்டில் காலியாயிருக்காம். நாளைக்கு சாயங்காலம் ஸ்டேஷன்ல இருந்து நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். புதன்கிழமை பூரா பரிசோதனை. வியாழக்கிழமை காலையில முதல் ஆபரேஷன் அவளோடது."

"புதன்கிழமை அரண்மனை…"

"அரண்மனை எங்கடி போயிடப்போகுது? இந்தத் தேதியை விட்டா புத்தாண்டு முடிஞ்சப்புறம்தானாம். அதுவரைக்கும் தாங்காதுன்னுட்டாங்க." அவர் சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டுக் காட்டினார். "சம்மதக் காகிதம் அனுப்பினாங்க. சந்தையிலயே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். புருஷன் போட்டாப் போதுமாம். அங்க போனதும், புண்ணைச் சுத்தம் பண்ணப்போறாங்கன்னு சொல்லிக்கலாம்."

ஜியாநி சுவரில் சாய்ந்துகொண்டாள். அம்மாவுக்குச் செய்து கொடுத்த சத்தியத்துக்கு முழுசாக மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. இவரிடம் சொன்னால் இவர் விழுவார். அவளிடம் சொன்னால் அவள் ரயிலே ஏற மாட்டாள். ரயில் ஏறாவிட்டால் இந்தத் தேதி போய்விடும். யாரிடமும் சொல்லாமல் இருந்தால், தானும் நாற்பது நாள் புண் என்று சொல்லப்போகிற மகள்தான்.

"ஜியாநி." அப்பாவின் குரல் கெஞ்சியது. "அவளுக்கு எதுவும் சந்தேகம் வரலியே?"

"இல்லப்பா."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. தெம்பாக இருக்க வேண்டும் என்று தெம்பை வரவழைத்துக்கொண்ட குரல்.

"ஜியாநி, காது மூடற தொப்பியை எங்க வச்சே? அடியில போட்டுடாதே. அரண்மனைக்குப் போறப்ப கைக்கு எட்டணும்."

ஜியாநி வாயைத் திறப்பதற்குள் அப்பா குழாயை மூடிவிட்டு, உற்சாகமாகக் குரல் கொடுத்தார்:

"மேலதான் இருக்கும், நான் வந்து பாக்கறேன். புதன்கிழமை பூரா அங்கதானே சுத்தப்போறோம்."